உப்பை வெளியே தள்ளாத புரதம்

கடலூர் முதுநகரிலிருந்து சிதம்பரத்துக்கு நான் தினமும் பாசஞ்சரில் போய்வந்த நாட்களில், பையில் டிபன் பாக்ஸோடு ஒரு குழப்பமும் கூடவே வந்துகொண்டிருந்தது. சிதம்பரத்தில் பாக்டீரியாக்களைப் பற்றி முனைவர் பட்ட ஆராய்ச்சி. என்னுடையது உப்பனாற்றுச் சேற்றிலிருந்து நானே எடுத்து வளர்த்த பாக்டீரியா. மற்றவை சுருண்டுவிடும் உப்பில் இது சௌக்கியமாக இருந்தது. உள்ளே வரும் உப்பைப் பிடித்து வெளியே தள்ளுகிற ஒரு புரதம் அதன் மேலுறையில் இருக்கிறது என்பதுதான் என் ஆய்வேட்டின் கடைசி அத்தியாயம்.

அந்தப் புரதத்தின் வேலை அதுதான் என்று எப்படித் தெரியும் என்று யாராவது கேட்டால் எனக்குக் கோபம் வரும், பதில் அவ்வளவு எளிது என்பதால். ஒரு புரதத்தை நீளமான எழுத்து வரிசையாக எழுதிவிடலாம். அந்த வரிசையை கம்ப்யூட்டரில் போட்டால், உலகத்தில் யார் யாரோ கண்டுபிடித்து டேட்டாபேஸில் ஏற்றிவைத்த புரதங்களில் எதெல்லாம் இதன் சாயலில் இருக்கிறது என்று காட்டும். முதலில் வருவது என்ன வேலை செய்கிறதோ, நம்முடையதும் அதையே செய்யும் என்று எழுதிக்கொள்வோம். எனக்கு முதலில் வந்தது உப்பை வெளியேற்றும் புரதம். அடுத்தடுத்து வந்தவையும் அதே.

சாயலை நம்பக் கூடாது என்று எனக்குத் தெரியாமலில்லை. கீரப்பாளையத்தில் ஒரு கல்யாணத்தில் ஒரு மாமா என் மூக்கைப் பார்த்து நான் இன்னார் வீட்டுப் பெண் என்று முடிவு கட்டி, நலங்குக்குப் பாடச் சொல்லி உயிரை வாங்கினார். அந்த வீட்டில் எல்லோரும் பாடுவார்களாம். எனக்கும் அந்த வீட்டுக்கும் சம்பந்தமில்லை. பாட்டுக்கும் எனக்கும் அதைவிடச் சம்பந்தமில்லை. ஆனால் புரதம் அறிவியல், மூக்கு வம்பு என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

கடலூரிலேயே ஒரு கல்லூரியில் எனக்கு வேலை தருவதாகச் சொல்லியிருந்தார்கள். ஜூன் மாதத்துக்குள் ஆய்வேட்டைச் சமர்ப்பித்துவிட வேண்டும் என்பதுதான் நிபந்தனை. உதவித்தொகை நின்றுபோயிருந்தது. அப்பா தெரு முழுக்கச் சொல்லிவிட்டார். கடைசி அத்தியாயத்துக்கு ஒரே ஒரு சோதனைதான் பாக்கி. உப்பைத் தாங்காத ஒரு ரக பாக்டீரியாவுக்குள் என் புரதத்தைச் செய்யும் மரபணுவை நுழைத்து, உப்புத் தட்டில் வளரவிட வேண்டும். புரதம் உப்பைத் தள்ளினால் அது பிழைக்கும்.

பிழைக்கவில்லை. திரும்பச் செய்தேன். தட்டு துடைத்துவைத்ததுபோல் இருந்தது. தண்ணீரை மாற்றினேன், உப்பு டப்பாவை மாற்றினேன், இன்குபேட்டரைச் சந்தேகப்பட்டேன், கடைசியில் என் கையைச் சந்தேகப்பட்டேன். என் வழிகாட்டியான சாரும் அதைத்தான் சொன்னார். இத்தனை பேர் உப்பு என்று எழுதியிருக்கும்போது உனக்கு மட்டும் ஏன் வரவில்லை, கவனமாகச் செய் என்றார். ஆய்வுக்கூடத்தில் சிரிப்பதை நிறுத்தியிருந்தேன். சமையலில் உப்புப் போடும்போதுகூட எரிச்சல் வந்தது.

ஒரு மத்தியானம் வெறுத்துப்போய், முதலில் வந்த அந்தப் புரதத்துக்கு உப்பை வெளியேற்றுவது என்ற பெயரை எதை வைத்துக் கொடுத்தார்கள் என்று தேடினேன். இன்னொன்றின் சாயலை வைத்து. அந்த இன்னொன்றுக்கு? வேறொன்றின் சாயலை வைத்து. யாரும் உப்பில் போட்டுப் பார்த்ததாகத் தெரியவில்லை. ஒவ்வொன்றாகப் பின்னால் போக, எல்லாவற்றிலும் பழையதான ஒரு பதிவில் போய் நின்றது. அதை ஏற்றியது எங்கள் துறை. ஏற்றியவர் பெயர் எங்கள் சாருடையது.

வழிகாட்டியிடம் போய், நீங்கள் தப்பு செய்துவிட்டீர்கள் என்று எங்கள் பக்கத்தில் எந்த மாணவியும் சொல்ல மாட்டாள். அச்செடுத்துக்கொண்டு போய் மேசைமேல் வைத்து, இதை ஒரு தடவை பார்க்கிறீர்களா சார் என்று மட்டும் கேட்டு நின்றேன். தன் பெயரைப் பார்த்ததும் அவர் முகத்தில் சிரிப்பு வந்தது. படிக்கப் படிக்கப் போய்விட்டது.

“இத நாங்க டெஸ்டே பண்ணலம்மா. பேர் போடுற எடத்த சும்மா விடக் கூடாதுன்னு அப்ப எனக்கு கைடா இருந்த சார் சொன்னாரு. கிட்டத்துல எது இருந்துச்சோ அத போட்டோம்.”

ஊகமாக அவர் போட்ட பெயரை ஊரெல்லாம் எடுத்துக்கொண்டிருக்கிறது. ஊரெல்லாம் சொல்கிறதே என்று அவர் என்னிடம் சொல்லியிருக்கிறார். யார்மேல் கோபப்படுவது என்று எனக்குப் புரியவில்லை. அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, டேட்டாபேஸ்காரர்களுக்கு எழுதித் திருத்தச் சொல்கிறேன் என்றார். என் புரதம் எதைத்தான் தள்ளுகிறது என்று முதலிலிருந்து தேட வேண்டும், ஒரு வருஷமாவது ஆகும் என்றார். ஜூன் மாதம் பற்றி அவருக்குத் தெரியும்.

“உன் கை சரியாத்தாம்மா இருக்கு. பழைய பேரோடயே சப்மிட் பண்றேன்னு நீ கேட்டா கையெழுத்து போட்டுடுவேன். ஆனா கேக்காதம்மா.”

நான் கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை என்று இன்றைக்கும் எனக்குத் தெளிவாகச் சொல்லத் தெரியவில்லை. நேர்மை என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். சார் முகத்தைப் பார்க்கச் சங்கடமாக இருந்தது என்பதும் நிஜம். ரயிலில் அழுகை வந்தது. இத்தனை மாதம் திட்டிக்கொண்டிருந்த கை சரியாகத்தான் இருந்திருக்கிறது என்ற சந்தோஷமா, வேலை போய்விட்டதே என்ற துக்கமா, பிரித்துப் பார்க்க முடியவில்லை.

வீட்டுக்குப் போய் அப்பாவிடம் முதலில் நல்லதையே சொன்னேன். நான் செய்த சோதனை ஆரம்பத்திலிருந்தே சரியாம், சாரே சொல்லிவிட்டார் என்றேன். அப்பா முகம் மலர்ந்துவிட்டது. அப்படியென்றால் ஜூனில் வேலையில் சேர்ந்துவிடலாம் என்றார். சேர முடியாது என்றேன்.

“சரியா செஞ்சிருக்கன்னு அவுங்களே சொல்றாங்க. அப்பறம் ஏன் பாப்பா இல்லங்குற?”

சொல்ல ஆரம்பித்தேன். சாயல், பெயர், அந்தப் பெயரைப் பார்த்து வைத்த பெயர் என்று பாதி தூரம் போனதும் எனக்கே சுற்றியது. தெரியலப்பா என்றேன். அவர் டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டு, நான் இன்னும் ஏதோ சொல்லப்போகிறேன் என்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.