மச்சானின் ரத்தத்துக்கு நற்சான்றிதழ்

கண்டனூரில் நண்பர் வீட்டுக் கல்யாணம். விசேஷத்துக்கு மட்டும் திறக்கப்படும் அந்தப் பெரிய வீட்டில், அலமாரியிலிருந்து எடுத்துத் தந்த போர்வைகளில் பாச்சை உருண்டை நெடி. என் எட்டு வயது மகன் அதற்குள் சுருண்டு இரண்டு இரவு தூங்கினான். மூன்றாம் நாள் கண் மஞ்சளாகியது. சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போயிற்று.

காரைக்குடியில் சேர்த்தோம். சிவப்பணுக்கள் உடைகின்றன, அவற்றைக் காக்கும் ஒரு என்சைம் பிறவியிலேயே குறைவாக இருக்கலாம் என்றார் டாக்டர். போர்வையிலிருந்த பாச்சை உருண்டை நெடியே அதைக் கிளப்பியிருக்கும் என்று சொல்லி, ஆகாத மருந்துகளின் பட்டியலையும் தந்தார். அது தாய்வழியில், பெரும்பாலும் ஆண்பிள்ளைகளுக்கு வருவது என்று அவர் சொன்னதுதான் என் மாமியாரின் காதில் விழுந்தது.

"எங்க பக்கம் எல்லாரும் இரும்பு. தூறல் விழுந்தாலே படுத்துக்கிறது உங்க ஆளுகதான் மாப்பிள்ளை."

மகனுக்கு ரத்தம் ஏற்ற வேண்டியிருந்தது. தாய்மாமன் இருக்கும்போது வெளியாள் ரத்தமா? வகை பொருந்தியதால் மச்சானே கொடுத்தார். என்சைம் சோதனையைப் பிறகு பார்க்கலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். வம்சத்தின் மானம் அதுவரை காத்திருக்குமா? மறுநாளே மாமியார் வெளி லேபிலிருந்து ஆளை வரவழைத்தார். லேப் படிவத்தில் கடைசியாக ரத்தம் ஏற்றிய தேதி என்ற கட்டத்தை யாரும் நிரப்பவில்லை.

முடிவு: நார்மல். மாமியார் பிள்ளையார்பட்டிக்குப் போய்ச் சிதறுகாய் உடைத்தார். திரும்பி வந்து, மருந்துப் பட்டியலைக் கிழித்துக் குப்பையில் போட்டார். பிறகு ரிப்போர்ட்டை டாக்டர் முன் வைத்தார்.

"எங்க ரத்தத்துல குறையில்லைன்னு மெஷினே சொல்லிருச்சுய்யா."

டாக்டர் ரிப்போர்ட்டின் தேதியைப் பார்த்தார். "உண்மைதாம்மா. ஆனா இதுல பாதி உங்க மகனோட ரத்தம். அவருக்கு என்சைம் ஜோரா இருக்கு. பேரனுக்கு எவ்வளவுன்னு தெரியணும்னா அது தீர மூணு மாசம் ஆகும், பொறுங்க. அதுவரைக்கும் குறை இருக்குன்னே வச்சுக்கங்க. என்னைக் கேக்காம ஒரு மாத்திரை குடுத்துறாதீக."

என் மனைவி குப்பையைக் கிளறிப் பட்டியலின் நான்கு துண்டுகளையும் எடுத்து ஒட்டினாள். மச்சான் மட்டும் அந்த ரிப்போர்ட்டைச் செல்போனில் படம் பிடித்துக்கொண்டார்.

மூன்று மாதம் கழித்து எடுத்த சோதனையில் என்சைம் மிகக் குறைவு. மாமியாரின் விளக்கத்துக்காக நான் ஆவலோடு காத்திருந்தேன். அவர் லேப் வாசலுக்குப் போய், சென்னையில் நிறைமாதமாக இருந்த இளைய மகளைப் போனில் அழைத்தார்.

"பய பொறந்தா அங்கனயே இந்த டெஸ்ட்டைப் பாத்துரு. பாக்காம ஊருக்குத் தூக்கிட்டு வராத. நம்ம பக்கம் இருக்குடி."