தொலைக்காட்சிக்கு முன்னால் ஓர் அணிவகுப்பு

வீரர் தின விழாவுக்கு அப்பாவை அழைத்து வரச் சொல்லி, முன்னாள் ராணுவத்தினர் சங்கத்திலிருந்து எனக்குத்தான் போன் வந்தது. அவருக்குக் கால் முடியவில்லை, இந்த வருஷம் வரமாட்டார் என்று நானே சொல்லிவிட்டேன். அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. போன வருஷம் வெயிலில் தள்ளாடி என் தோளில் சாய்ந்தார், அது உண்மைதான். ஆனால் விடிவதற்கு முன்பே எழுந்து, கிள்ளானிலிருந்து விழா நடக்கும் இடம்வரை நெரிசலில் கார் ஓட்டி, ஒரு நாள் லீவையும் தொலைக்க எனக்கு அலுப்பாக இருந்தது. அதற்கு அக்கறை என்று பெயர் வைத்துக்கொண்டேன்.

அப்பா ரவாங் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவரின் மகன். சாதாரணச் சிப்பாயாகச் சேர்ந்து மேஜராக ஓய்வு பெற்றார். எல்லைக் காட்டில் கண்ணிவெடியில் சிக்கிய தன் ஆட்களை விட்டு வர மறுத்து, ஒவ்வொருவராகத் தூக்கி வந்ததற்கு வீரப்பதக்கம் கொடுத்தார்கள். வீட்டில் அந்தக் கதையை அவர் வாய் திறந்து சொன்னதில்லை. விழா மேடையில் யாராவது வாசிக்கும்போதுதான் நாங்களும் கேட்போம்.

"போன் வந்துச்சாம்மா?" என்று தினமும் கேட்டார். இல்லை என்றேன்.

"பழைய ஆளுங்கள யாரு ஞாபகம் வச்சிருக்கப் போறாங்க," என்றார் ஒரு நாள். அப்போதாவது சொல்லியிருக்கலாம்.

விழா அன்று காலை காப்பியோடு வந்தேன். கோட்டும் தொப்பியுமாக, நெஞ்சில் பதக்கங்களோடு தொலைக்காட்சிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். காலில் இருந்த சப்பாத்துக்குக்கூட மெருகு போட்டிருந்தார். திரையில் எக்காளம் ஒலித்ததும் ஊன்றுகோலைத் தொடாமல் எழுந்தார். முழங்கால் நடுங்க நடுங்க, அது முடியும்வரை சல்யூட் அடித்தபடி நின்றார். தாங்கிப் பிடிக்கப் போன எனக்குக் கை நீளவில்லை. கூனிக் குறுகிப் போய் அங்கேயே நின்றேன்.

விழா முடிந்த கொஞ்ச நேரத்தில் சங்கத்துக்காரர் மறுபடியும் அழைத்தார். மேஜரின் கால் எப்படி இருக்கிறது, முன்வரிசையில் அவர் இல்லாதது எல்லோருக்கும் குறையாக இருந்தது என்றார். யாரென்று அப்பா கேட்டார். இனியும் மறைக்க எனக்குத் தெம்பில்லை. போனை அவர் கையில் கொடுத்தேன்.

வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தார். "போன வாரமே கூப்பிட்டீங்களா?" என்றவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"ஆமா, ஆமா. இப்பத்தான் ஞாபகம் வருது," என்றார் போனில். "வயசாச்சுலா. நான்தான் வரலன்னு மகள்கிட்ட சொல்லச் சொன்னேன்."

போனை என்னிடம் நீட்டிவிட்டுப் பதக்கங்களைக் கழற்ற ஆரம்பித்தார். கொக்கியில் விரல் வழுக்கிக்கொண்டே இருந்தது. உதவிக்கு என்னைக் கூப்பிடவில்லை.