பூஜ்யம் காட்டிய இடம்

தருவைகுளம் கரையில் வயர்லெஸ்ஸும் ஜிபிஎஸ்ஸும் பழுது பார்ப்பது என் வேலை. பத்தாம் வகுப்போடு நின்றவன். ஆட்களோடு பேசுவதைவிடப் பெட்டிகளோடு இருப்பது எனக்குச் சுலபம்.

கடையில் ஒரு பழைய கம்ப்யூட்டர் உண்டு. அதில் கறுப்புத் திரையைத் திறந்து இரண்டு எழுத்து தட்டினால் ஒரு கால்குலேட்டர் வரும். பட்டனும் கிடையாது, படமும் கிடையாது. நாம் கணக்கை எழுத வேண்டும். அது கீழே விடையை எழுதும். தசமப் புள்ளிக்குப் பிறகு எத்தனை இலக்கம் வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிட்டால், நூறு கேட்டாலும் சலிக்காமல் தரும். சொல்லாவிட்டால் வகுத்தலில் தசமத்தை முழுவதும் வெட்டி எறிந்துவிடும். அதில் நானே ஒரு சிறு கணக்கு எழுதி வைத்திருந்தேன். நீவாடு என்று கடல்காரர்கள் சொல்லும் நீரோட்டத்தின் வேகம், திசை, கழிந்த நேரம் இவற்றைக் கொடுத்தால், இன்ஜின் நின்ற படகு வடக்கே எத்தனை பாகை, கிழக்கே எத்தனை பாகை ஒதுங்கியிருக்கும் என்று சொல்லும். ஒரு பாகை நூறு கிலோமீட்டருக்கும் மேல் என்பதால் விடை தசமத்தில்தான் வரும்.

ஒரு சாயங்காலம் என் தங்கையின் கணவர், இன்ஜின் நின்றுவிட்டதென்று வயர்லெஸ்ஸில் தன் வள்ளம் இருக்கும் இடத்தைச் சொன்னார். பிறகு சத்தமே இல்லை. விடிந்ததும், தேடப் போகிறவர்கள் என் கடைக்கு வந்தார்கள். தங்கையும் வந்து நின்றாள். எல்லோரும் என்னையே பார்த்ததில் இலக்கத்தைச் சொல்ல மறந்து கணக்கைத் தட்டிவிட்டேன்.

வடக்கே பூஜ்யம். கிழக்கே பூஜ்யம்.

"என்னல சொல்லுது?" என்றார் தேடுகிறவர்களுக்குத் தலைவராக வந்திருந்த அண்ணாச்சி.

"நகரலன்னு சொல்லுது அண்ணாச்சி. இருங்க, நான்தான் தப்பா..."

"நீவாடு இந்த ஓட்டம் ஓடுது. நிக்குததுக்கு அது என்னல, கோயில் கொடிமரமா?"

நாலு பேர் சிரித்தார்கள். நான் இலக்கத்தைக் கொடுத்து மறுபடி தட்டினேன். வடக்கே வெகு தூரத்தில் ஒரு இடம் வந்தது. எல்லோரும் கிளம்பினார்கள். தங்கை மட்டும் திரையில் மேலே கிடந்த அந்த இரண்டு பூஜ்யங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணே, மொத வந்தது என்ன?"

"அது தப்புளா. தசமம் விட்டுப்போச்சு."

"ஒரு வள்ளமாவது அவுக சொன்ன எடத்துக்குப் போகட்டும்."

அவள் வாயை அடைக்கத்தான் அண்ணாச்சி ஒரு வள்ளத்தை அங்கே அனுப்பினார்.

வடக்கே போனவர்கள் வெறும் தண்ணீரைத்தான் பார்த்தார்கள். மத்தியானம் வயர்லெஸ் கரகரத்தது. "கெடச்சிட்டாவ! சொன்ன எடத்துலயே நிக்காவ!"

கடலடிப் பாறையில் வலை மாட்டி வள்ளத்தைப் பிடித்து வைத்திருக்கும் என்று நினைத்துக்கொண்டோம். ஆனால் மாப்பிள்ளை அதன்பிறகு கடலுக்குப் போகவில்லை. சரியாகச் சாப்பிடவும் இல்லை என்றாள் தங்கை. ஒரு நாள் காலையில் அவரே கடைக்கு வந்தார்.

"வலைய இன்ஜின் நின்னப்பவே அறுத்து விட்டுட்டேன் மச்சான். ஆழத்துல நங்கூரமும் எட்டல. ஐஸ்பெட்டி மூடி தண்ணில விழுந்துது, கண்ணு முன்னால வடக்க ஓடிட்டு. வள்ளம் மட்டும் நிக்கு. ரெண்டு பக்கமும் தண்ணி சத்தம் போட்டுட்டு ஓடுது."

வள்ளத்தில் அவர்கூடப் போனவனும் இதையேதான் ஊரில் சொல்லியிருந்தான்.

"கரைக்கு வந்தும் அங்கனயே நிக்க மாதிரி இருக்கு. நடக்கேன், நகர மாட்டேங்குது. பூஜ்யம் வந்த அந்தக் கணக்க எனக்குச் சரியாப் போட்டு விடுங்க மச்சான்."

கறுப்புத் திரையைத் திறந்தேன். நூறு இலக்கம் என்று எழுதினேன். அன்றைய வேகம், திசை, நேரம் எல்லாவற்றையும் கொடுத்துத் தட்டினேன். மாப்பிள்ளை குனிந்து ஒவ்வொரு எண்ணாக உதடசைத்துப் படித்தார். முதல் வரி முடிந்து இரண்டாவது வரிக்கு வந்தவர், சட்டென்று என் மேசை விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். நகரத் தொடங்கிய வள்ளத்தில் நிற்பவரைப் போல உடம்பு ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

"மச்சான்," என்றார். "போவுது."