உருக இடமில்லாத இரும்பு

நேற்று படப்பையில் ஷேர் ஆட்டோவுக்காக நின்றிருந்தேன். பக்கத்து வெல்டிங் கடையிலிருந்து சுட்ட இரும்பின் வாடை வந்தது. மற்றவர்களுக்கு அந்த வாடையில் தும்மல் வரும். எனக்குச் சுர்ரென்று கோபம் வரும். காரணம் சொல்கிறேன், கேளுங்கள்.

ஒரகடத்தில் ஓர் இரும்பு வார்ப்புத் தொழிற்சாலையில் ட்ரெய்னியாக இருந்தேன். ஷிஃப்ட் தொடங்குமுன் ஐந்து நிமிடம் எல்லோரும் வரிசையில் நிற்க வேண்டும்; தினம் ஒருவர் தனக்குத் தெரிந்த விஷயம் ஒன்றைச் சொல்ல வேண்டும். பெரும்பாலும் ஹெல்மெட், ஷூ என்று ஒப்பேற்றிவிடுவார்கள். என் முறை வந்தபோது நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல், பள்ளிக்கூடத்துப் பாடத்தில் எனக்கு மறக்காமல் தங்கியிருந்த ஒரே சங்கதியை எடுத்துவிட்டேன். பூமியின் நடுவில் இருப்பது பெரும்பாலும் இரும்பு. அதன் வெளிப்பகுதி உருகிய குழம்பு. உள்ளே போகப் போகச் சூடு கூடும். ஆனாலும் நட்டநடு உருண்டை மட்டும் கெட்டியாகவே இருக்கிறது.

சூப்பர்வைசர் சிரித்தார். வருடக்கணக்காக உலை பார்த்த மனிதர். நிறத்தைப் பார்த்தே இரும்பின் சூட்டைச் சொல்வார். அதில் அவரை மிஞ்ச ஆளில்லை. சூடு ஏறினால் இரும்பு உருகும், அதுதான் அவர் கண்ட உலகம்.

"இன்னாம்மா பேசுற? வெளிய உருகிக்கினு கீதாம், அத்த வுட சூடா கீற உள்ள இரும்பு கெட்டியா கீதாம். ஃபர்னஸாண்ட நின்னுக்கினு பேசுற பேச்சா இது?"

வரிசையே சிரித்தது. அதோடு விட்டிருந்தால் நானும் விட்டிருப்பேன். மதியம் கூப்பிட்டார். "நாளைக்கு மீட்டிங்ல தப்பா சொல்ட்டேன்னு சொல்லிடு. உன் பெர்மனென்ட் பேப்பர் என் டேபிள்லதான் கீது."

வல்லக்கோட்டையில் என் அறைத்தோழி செல்வி, என்னைப் போலவே திருநெல்வேலிப் பக்கத்துக்காரி, சோற்றைப் பிசைந்தபடி கேட்டாள்: "ஒரு வார்த்த சொல்லிட்டுப் போயேம்ட்டி. ஒனக்கு வேல முக்கியமா, பூமி முக்கியமா?" நியாயமான கேள்விதான். மகளுக்கு வேலை நிரந்தரமாகிவிட்டது என்று அம்மா ஊரெல்லாம் சொல்லி முடித்திருந்தாள்.

மறுநாள் வரிசையிலிருந்து முன்னால் வந்தேன்.

"தப்பா சொல்லல சார். குக்கர்ல தண்ணி, கொதிக்க வேண்டிய சூட்டத் தாண்டியும் தண்ணியாத்தான கெடக்கு? உள்ள ஆவி அமுக்குதுல்லா. அங்க ஒரு பூமியே சுத்தி நின்னு அமுக்குது. சூடு இருக்கு சார், உருகத்தான் எடமில்ல."

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. அவர் வருகைப் பதிவேட்டை மூடிக்கொண்டு போய்விட்டார். என் பேப்பரில் கையெழுத்து விழவில்லை. அந்த மாதமே வேறு கம்பெனி தேட வேண்டியதாயிற்று. அழுதேன், அதையும் சொல்லிவிடுகிறேன். வருத்தத்தில் அல்ல, ஆத்திரத்தில்.

நேற்று ஆட்டோ அந்த வழியாகத்தான் போனது. உலை இல்லை, கொட்டகை இல்லை; பார்சல் குடோன் வந்துவிட்டது. நாங்கள் வரிசை கட்டிய இடத்தில் லாரி நிற்கிறது. அவர் எங்கே இருக்கிறாரோ, தெரியாது. தேடிப் போய்ச் சண்டை போடும் எண்ணமும் இல்லை. ஆனால் எங்காவது எதிரே வந்து, "இன்னாம்மா, இப்பவாச்சும் ஒத்துக்கிறியா?" என்று கேட்டால் என் பதில் அதேதான்.

கெட்டிதான் சார்.