அறுபத்தெட்டு நியூட்டன் மீட்டர்

என் அப்பா என்சியோ ருவோகொலாவைப் பற்றி அரைப் பக்கம் எழுதித் தரும்படி உறைந்த ஏரியில் கார் பந்தயம் நடத்தும் எங்கள் கழகத்தின் மலர்க்குழு கேட்டிருக்கிறது. பிறந்த ஆண்டும் முப்பத்தொரு வருடத் தபால் வேலையும் அவர்களுக்கே தெரியும். தெரியாததை எழுதுகிறேன்.

பனிக்கட்டியில் ஒரு பின்சக்கரம் வழுக்கினால், இரு பின்சக்கரங்களுக்கும் ஓட்டத்தைப் பிரித்துக் கொடுக்கும் சாதாரண டிஃபரன்ஷியல், இன்ஜினின் வேகத்தையெல்லாம் அந்தச் சக்கரத்துக்கே கொடுத்து வீணாக்கும். அப்பா தன் பந்தயக் காரில் போட்டிருந்தது வழுக்கலைக் கட்டுப்படுத்தும் வகை. உள்ளே அடுக்கிய உராய்வுத் தட்டுகள் இரு சக்கரங்களையும் ஓரளவு பிடித்து வைக்கும். இதை விதி அனுமதிக்கிறது. பல் சக்கரங்களை வெல்டிங் செய்து இரு பின்சக்கரங்களையும் ஒரே கட்டையாக்குவதை அனுமதிப்பதில்லை.

டிசம்பரில் அதைச் சமையலறை மேசையில் பிரித்தார். தேய்ந்த தட்டுகளை மாற்றினார். புதியவற்றை எண்ணெயில் ஊறவைக்க அம்மாவின் ரொட்டித் தட்டை எடுத்துக்கொண்டார்.

"இனிமே அதுல நான் என்னத்த சுடறது?" என்றாள் அம்மா.

"சுட்டுப் பாரு. வழுக்காத ரொட்டி வரும்."

ஒவ்வொரு தட்டின் தடிமனையும் அளந்து அட்டையில் பென்சிலால் குறித்தார். பூட்டி, ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டு மறுபக்கத்தைச் சுற்ற எவ்வளவு விசை வேண்டும் என்று சோதித்தபோது நாற்பது நியூட்டன் மீட்டர்தான் வந்தது. கழற்றினார். ஐம்பத்தொன்று. மறுபடியும் கழற்றினார். மூன்றாம் முறை எனக்குத் தொலைபேசினார்: "அறுபத்தெட்டு." அவ்வளவுதான், வைத்துவிட்டார்.

பிப்ரவரிப் பந்தயத்தில் முதலாவதாக வந்தார். தலைமைப் பரிசோதகர் டைஸ்டோ ஒரு பின்சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிப் பார்த்தார். அசையவில்லை. வெல்டிங் என்று எழுதி வெற்றியை ரத்து செய்தார். பரிசோதனையின்போது ஓட்டுநர் கயிற்றுக்கு வெளியே நிற்க வேண்டும். "கழட்டிப் பாருங்க" என்று அப்பா அங்கிருந்து கத்தினார். யாரும் கழற்றவில்லை.

ஏப்ரலில் அப்பா இறந்தார். அடக்கம் முடிந்து, எங்கள் வீட்டுக் காபி மேசையில் டைஸ்டோ சொன்னார்: "என்சியோவுக்கு நல்ல கை. வெல்டிங்ல." சிலர் சிரித்தார்கள்.

நான் எழுந்தேன். "டைஸ்டோ, கார் முற்றத்துல நிக்குது. அன்னைக்கு செஞ்ச மாதிரியே செஞ்சு காட்டுங்க."

"இன்னைக்காம்மா?"

"இன்னைக்கேதான்."

கறுப்புக் கோட்டோடு ஜாக்கி வைத்தார். கைப்பிரேக் விட்டிருக்கிறதா என்று ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார். சக்கரத்தைப் பிடித்துத் தள்ளினார். "பாத்தியா? பாறை."

எங்கள் ஊரில் அக்டோபருக்குப் பிறகு யாரும் கைப்பிரேக் போடுவதில்லை. உறைந்து ஒட்டிக்கொள்ளும். கியரில் போட்டு நிறுத்துவோம். டைஸ்டோவும் அப்படித்தான் நிறுத்துகிறார், நாற்பது வருடமாக. கியரில் நிற்கும் காரில் ஒரு சக்கரம் தரையில் இருந்தால், எந்த டிஃபரன்ஷியலாக இருந்தாலும் மற்றது அசையாது.

கதவைத் திறந்து கியரை நியூட்ரலுக்குத் தள்ளினேன். சுற்றும் விசையை முள்ளால் காட்டும் அப்பாவின் டார்க் ரெஞ்சை மாட்டி இழுத்தேன். சக்கரம் கெட்டிக் கூழைக் கிண்டுவதுபோல மெல்லச் சுற்றியது. வெல்டிங் செய்திருந்தால் அப்போதும் அசைந்திருக்காது. அறுபத்தெட்டு.

"கைப்பிரேக்க மட்டுந்தான் பாத்தேன்..." என்றார் டைஸ்டோ.

"முடிவ மாத்துங்க."

"அது முடியாதும்மா. எதிர்ப்ப, முடிவு வந்த அரைமணி நேரத்துக்குள்ள எழுதித் தரணும். அதுவும் ஓட்டுனவரே தரணும்."

"ஓட்டுனவர இப்பதான் பொதச்சிட்டு வந்தோம்."

டைஸ்டோ ஜாக்கியை இறக்காமலே திரும்பி நடந்தார். உள்ளே போனபோது அவர் இடத்தில் கோப்பை இல்லை. அம்மா எடுத்துக் கழுவி வைத்துவிட்டாள்.

கழகப் பதிவேட்டில் இன்னும் 'வெல்டிங்' என்றே இருக்கிறது. நீங்கள் கேட்ட வாழ்க்கைக் குறிப்பு இதுதான். இதில் ஒரு வரியையும் வெட்டாதீர்கள். கார் முற்றத்தில் ஜாக்கியின் மேல் நிற்கிறது. ரெஞ்ச் கதவுக்குப் பக்கத்து ஆணியில் தொங்குகிறது. சந்தேகம் உள்ளவர் வந்து இழுத்துப் பார்க்கலாம். கியர் நியூட்ரலில் இருக்கிறது.