அண்டாவுக்கு விட்ட இடம்

நீதிமன்றத் தாழ்வாரத்தில் என் கட்சிக்காரரின் வழக்கு அழைக்கப்படுவதற்காகக் காத்திருந்தபோது தங்கபாண்டியின் அழைப்பு வந்தது. ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநரான அவர் பகல் நேரத்தில் என்னை அழைப்பவர் அல்லர். "சார், கட தெறக்கல," என்றார். நான் மறுமொழி சொல்வதற்குள் மீண்டும் அதையே சொன்னார். "நம்ம முத்து கட தெறக்கல சார்." அரசு அறிவிக்கும் விடுமுறை நாட்களைத் தவிர முத்திருளாண்டியின் கடை மூடியிருந்து எங்களில் யாரும் பார்த்ததில்லை. அன்று அப்படிப்பட்ட நாளும் இல்லை. எனவே மிச்சத்தை அவர் சொல்லாமலே நான் அறிந்துகொண்டேன். விவரங்களைப் பிறகு சொன்னார்: விடியற்காலையில் மாரடைப்பு. மருத்துவமனைக்குப் போகும் வழியிலேயே எல்லாம் முடிந்திருந்தது.

கோச்சடையில் அவர் நடத்திய மதுக்கூடத்துக்கு வந்துபோனவர்களுக்காக இதை எழுதுகிறேன். அவரை அறியாதவர்களும் இதைப் படிக்கக்கூடும் என்பதால் ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும். மதுக்கூடம் என்றதும் இருட்டும், பிளாஸ்டிக் தம்ளரும், சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கும் மனிதர்களும் நினைவுக்கு வருவது இயல்பு. முத்திருளாண்டியின் கூடம் ஒரு சிறிய ஓட்டலின் கீழ்த்தளத்தில், முறையான உரிமத்துடன், நல்ல வெளிச்சத்தில் இருந்தது. வந்து அமர்ந்தவர் முன் முதலில் தண்ணீரும் ஒரு கிண்ணம் சுண்டலும் வரும். என்ன வேண்டும் என்ற கேள்வி அதற்குப் பிறகுதான். மதுவைத் தொடாத கணித ஆசிரியர் ஒருவர் மாலைதோறும் இஞ்சி சோடா குடித்து, செய்தித்தாளை முழுதும் படித்துவிட்டுப் போவார். அவருக்கு எதற்கு ஓர் இடம் என்று யாரோ முணுமுணுத்தபோது முத்திருளாண்டி சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது: "குடிக்கிறவனுக்கு மட்டும்தான் கடைன்னா ஒரு சன்னல் போதுமேண்ணே. நாற்காலி எதுக்கு?"

அளவு மீறத் தொடங்குபவரின் தோளில் அவர் கை வைப்பார். "பாட்டில் நாளைக்கும் இருக்கும். நீங்களும் இருக்கணும்ல?" அந்தக் கேள்விக்கு எதிர்வாதம் செய்து வென்றவர் எவரும் இல்லை. ஆட்டோவை அவரே அழைத்து, வீட்டு வழியையும் அவரே ஓட்டுநரிடம் சொல்லி அனுப்புவார்.

அவர் முதன்முதலில் என்னிடம் வந்தது வாடிக்கையாளரைத் தேடி அல்ல, வழக்கறிஞரைத் தேடி. பெங்களூரில், பீரைத் தாங்களே காய்ச்சி அங்கேயே ஊற்றிக் கொடுக்கும் ஒரு கூடத்தில் பல ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு ஊருக்குத் திரும்பியிருந்தார். கிராஃப்ட் பீர் என்ற சொல்லை நான் கேட்டது அவர் வாயிலிருந்துதான். தன் கூடத்தின் வரைபடத்தை என் மேசையில் விரித்தார். மேசைகளும் நாற்காலிகளும் சதுரங்களாகக் குறிக்கப்பட்டிருக்க, மூலையில் மட்டும் பெரிய வட்டம் ஒன்று இருந்தது.

"இது என்ன?"

"அண்டா சார். பீர் காச்சுற அண்டா. மத்ததெல்லாம் அத வச்சுத்தான் கணக்குப் பண்ணியிருக்கு."

அவருக்குக் கிடைக்கக்கூடிய உரிமத்தின்படி வாங்கி விற்கலாம், காய்ச்ச முடியாது என்று விளக்கினேன். கவனமாகக் கேட்டார். பிறகு, "இப்ப இல்லன்னுதான சார் சொல்லுது? எப்பவும் இல்லன்னு சொல்லலையே?" என்றார். இதைச் சட்டம் பயின்ற ஒருவர் சொல்லியிருந்தால் பாராட்டியிருப்பேன். வேறு வழியின்றி மனுவை எழுதினேன்.

பரிசீலனையில் இல்லை என்று பதில் வந்தது. வாங்கிப் படித்து மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "சரி சார், அடுத்தத எழுதுங்க," என்றார். அதற்குப் பிறகு எத்தனை மனுக்கள் எழுதினோம் என்பதை இங்கே பதிவு செய்யப்போவதில்லை. அரசு மாறும்போதும், அதிகாரி மாறும்போதும், கொள்கை மாறப்போவதாக யாராவது சொல்லும்போதும் எழுதினோம். சில மனுக்களுக்குப் பதில்கூட இல்லை.

அந்த மூலை மட்டும் காலியாகவே இருந்தது. கூட்டம் நெரியும் சனிக்கிழமைகளில் ஆட்கள் இடமின்றி வாசலில் நிற்பார்கள். "அண்ணே, அம்புட்டு எடம் சும்மாதான கெடக்கு? ரெண்டு டேபிள் போட்டா என்ன?" என்று கேட்காதவர் இல்லை. "சும்மா கெடக்கல. அண்டா இன்னும் வரல, அவ்வளவுதான்," என்பார். கூடம் முழுவதையும் வேலையாட்கள் துடைப்பார்கள். அந்த மூலையை அவரே துடைப்பார்.

ஒரு நாள் பேச்சு வேறு திசையில் போனது. தங்கபாண்டி குரலைத் தாழ்த்தி, "மாப்ள, ஒன் வீட்டு மொட்டமாடி போதும். ஒரே ஒரு கொடம் காச்சுவோம். எங்க நாலு பேருக்கு மட்டும். யாரு பாக்கப் போறா?" என்றார். முத்திருளாண்டி என்னைக் காட்டி, "வக்கீல வச்சுக்கிட்டுப் பேசுற பேச்சா இது?" என்று சிரித்தார். எல்லோரும் சிரித்தோம். சிரிப்பு அடங்கிய பிறகு, கையிலிருந்த கண்ணாடிக் கோப்பையைத் துடைத்தபடியே சொன்னார்.

"எங்கப்பாவும் காச்சுனவருதான். ஆத்துக்குள்ள, நாணலுக்கு நடுவுல. போலீஸ் வந்தா பானைய ஒடச்சுப்புட்டு ஓடுவாரு. நான் கரையில நின்னு பாத்துருக்கேன். வேட்டி அவுந்தது தெரியாம ஓடுவாரு. அவரு கைப்பக்குவத்த இந்த ஊரே பேசும். ஆனா எங்கப்பான்னு நாலு பேரு முன்னாடி அவர மதிச்சுச் சொல்ல என்னால முடியல. நான் காச்சுனா ஓடக் கூடாது சார். லைட்டப் போட்டு, எல்லாரும் பாக்கக் காச்சணும்."

அண்டா அவருக்கு என்ன என்பது எனக்குப் புரிந்தது அன்றுதான். நான் அறிந்தவரை அவர் ஒரு துளிகூடக் காய்ச்சவில்லை.

ஆனால் அதன் சுவை எங்கள் எல்லோருக்கும் தெரியும். மாலையில் யாராவது ஆரம்பித்து வைப்பார்கள், "அண்ணே, நம்ம பீர் எப்புடி இருக்கும்?" என்று. அவர் முகம் மாறும். கம்பை வறுத்துச் சேர்ப்பதால் முதல் மடக்கில் அந்த வாசம் வரும். நிறம், வைகையில் முதல் தண்ணீர் வரும்போது இருக்குமே, அந்தச் செம்மை. நடுவில் லேசான கசப்பு. விழுங்கிய பிறகு அடித்தொண்டையில் சுக்கு. இவ்வளவு வரை எல்லோரும் அமைதியாகக் கேட்போம். தங்கபாண்டியால் மட்டும் இருக்க முடியாது.

"ரெண்டு ஏலக்காய் தட்டிப் போட்டா இன்னும் தூக்கும்."

"ஏலக்காய் போட்டா அது பாயாசம்டா மாப்ள. ஒன் வீட்டுப் பந்தியில ஊத்திக்க."

காய்ச்சப்படாத ஒரு பீருக்காக இரு பெரியவர்கள் ஒரு வாரம் பேசாமல் இருந்ததை நான் பார்த்திருக்கிறேன். நானே எழுந்து நடுவராக இருந்து, ஏலக்காய்க்கு எதிராகத் தீர்ப்பளித்த பிறகுதான் சமாதானம் ஆயிற்று.

காரியம் முடிந்து, அவருடைய மனைவி பாண்டீஸ்வரி கடையைத் திறந்த மாலையில் நாங்கள் எல்லோரும் போயிருந்தோம். தண்ணீர் வந்தது. சுண்டல் வந்தது. தங்கபாண்டியும் மற்றவர்களும் சேர்ந்து அவர் படத்தைப் பெரிதாக்கிச் சட்டமிட்டு, மாலையோடு கொண்டுவந்திருந்தார்கள். அதற்குரிய இடம் எது என்பதில் யாருக்கும் ஐயம் இருக்கவில்லை. மூலையில் ஒரு ஸ்டூலைப் போட்டு, படத்தை அதன் மேல் வைக்கப் போனார்கள்.

பாண்டீஸ்வரி கல்லாவிலிருந்து எழுந்து வந்தார். "அங்கன வேணாம்ணே."

"ஏம்மா, அவன் ஆச ஆசயா வச்சிருந்த எடம்."

"அது அண்டாவுக்கு விட்ட எடம். அவுகள அங்கன வச்சுட்டா அண்டா எங்கிட்டு நிக்கும்?"

தங்கபாண்டி படத்தை நெஞ்சோடு அணைத்தபடி நின்றார். அவருக்கு அழுகை வந்துவிட்டது. பாண்டீஸ்வரி ஸ்டூலை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, கல்லாவுக்கு மேலே இருந்த ஆணியைக் காட்டினார். "இங்க மாட்டுங்க. இங்கேருந்து பாத்தா அந்த மூல நல்லாத் தெரியும்."

பிறகு என் மேசைக்கு வந்து, கடைசி மனு என்ன ஆயிற்று என்று கேட்டார். பதில் வரவில்லை என்றேன். விண்ணப்பித்தவர் காலமாகிவிட்டதால், என் கருத்தில் அந்த மனு அவரோடு முடிந்ததாகவே கொள்ளப்படும் என்பதையும், இயன்றவரை மென்மையாக, சொல்லவேண்டியிருந்தது.

"அவுக பேருல போட்டதுதானண்ணே முடிஞ்சுச்சு? எம் பேரு இருக்குல்ல?"

கணவன், மனைவி இருவரிடமும் வாதத்தில் தோற்றவன் என்ற பெருமை எனக்கு உண்டு. மனுவை எழுதிக்கொண்டிருக்கிறேன். அனுமதி கிடைக்கும் என்று உறுதி சொல்ல எனக்கு எந்த ஆதாரமும் இல்லை. நல்ல வெளிச்சத்தில், எல்லோரும் பார்க்க, ஓடாமல் நின்று அவர் காய்ச்சுவதைப் பார்க்க வேண்டும் என்று நான் எவ்வளவு விரும்பியிருந்தேன் என்பதை அவர் இருந்தபோது நான் அறியவில்லை. இப்போது மாலை ஆகும்போதெல்லாம் அறிகிறேன்.

முத்திருளாண்டியிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது, இதுவரை எவரும் குடித்திராத ஒரு பீரின் சுவையைத்தான். முதல் மடக்கில் வறுத்த கம்பின் வாசம். நடுவில் லேசான கசப்பு. அடித்தொண்டையில் சுக்கு. ஏலக்காய் இல்லை.