கோகிலா கேட்ட கேள்வி

கோகிலா போய்விட்டாள் என்ற செய்தி தோல் மருத்துவர்களின் வாட்ஸ்அப் குழுவில் வந்தபோது, சிங்காநல்லூரில் என் கிளினிக்கில் ஒருவரின் காலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அழுகைக்கு முன்னால் வந்தது எரிச்சல்தான். படிப்பிலும் பெயரிலும் என்னை முந்தியவள், இதிலுமா முந்திக்கொள்ள வேண்டும்?

இந்த அஞ்சலியில், அவளை அறிந்த உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது? ஒன்றாகப் படித்தோம். பீளமேட்டில் அவள் கிளினிக்கைக் கடக்கும்போதெல்லாம் வாசல் கூட்டத்தை எட்டிப் பார்ப்பேன். என் பழைய நோயாளி யாராவது கண்ணில் பட்டால் அன்றைக்கு எனக்குச் சோறு இறங்காது.

கிணத்துக்கடவு தனலட்சுமியை முதலில் பார்த்தவள் நான். உடம்பெங்கும் சீழ்க் கொப்புளம், கடுங்காய்ச்சல். சொரியாசிஸிலேயே உயிரைக் குடிக்கக்கூடிய வகை இது என்று பார்த்ததும் சொல்லிவிட்டேன். மோனோக்ளோனல் ஆன்டிபாடி என்ற புது மருந்தைச் சலைன்போல ஏற்றினால் பிழைக்க வழி உண்டு. அவள் கணவர் சென்னியப்பன் சம்மதிக்கவில்லை.

“அம்மை போட்ட ஒடம்புல ஊசி குத்தக் கூடாதுங்க டாக்டரம்மா. தண்ணி ஊத்துனா எறங்கீருமுங்க.”

பரிசோதனை முடிவைக் காட்டி, சீழில் கிருமியே இல்லை, இது அம்மையே அல்ல என்று பொறுமையாக விளக்கினேன். அவர் கையெடுத்துக் கும்பிட்டார்.

“கிருமியே இல்லீங்களா? அப்பச் சந்தேகமே இல்லீங்க, ஆத்தாளேதானுங்க.”

வேறு வழியில்லாமல் கோகிலாவை அழைத்தேன். அந்த மருந்தை முன்பே கொடுத்த அனுபவம் அவளுக்கு இருந்தது. அதிலும் எனக்கு வயிற்றெரிச்சல்தான். வந்தவள் ரிப்போர்ட்டைத் தொடவில்லை. சென்னியப்பன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“உங்கூரு மாரியம்மன் கோயில் திருவிழாவுக்குக் கம்பம் நட்டாச்சுங்களா?”

“நட்டாச்சுங்க.”

“நோம்புக்கு எதெல்லாம் நிறுத்துனீங்க?”

“கறி நிறுத்துனமுங்க. செருப்புப் போடறதில்லீங்க. தோல் தடிப்புக்குத் தின்னுட்டிருந்த மாத்திரையவும் இவ நிறுத்திப்போட்டாளுங்க.”

ஸ்டீராய்டு மாத்திரை. சட்டென்று நிறுத்தினால் இப்படி வெடிப்பதுண்டு. என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள் என்று நான் கேட்டபோது ஒன்றுமில்லை என்றார்கள். அது பொய்யில்லையே!

“மாத்திரைய நிறுத்துனதுக்கு வந்த வெனைங்க இது. ஆத்தா மேல போடாதீங்க” என்றாள். ஏற்காமல் அவர் மறுபடியும் கும்பிட, “சரிங்க, கோயில்ல பூ கேட்டுட்டு வாங்க” என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சாமி முன்னால் போட்ட பொட்டலங்களில் ஒன்றை எடுக்கும்போது வெள்ளைப் பூ வந்தால் சரி, சிவப்பு வந்தால்? வெளியே இழுத்துப் போய்ச் சண்டை போட்டேன்.

“காசநோய், மஞ்சள்காமாலை டெஸ்ட் முடிவெல்லாம் வராம எப்படியும் மருந்து ஏத்த முடியாது சுமதி. அதுவரைக்கும் அவரு இங்க உக்காந்து என்ன பண்ணுவாரு?” என்றாள்.

சாயங்காலம் சென்னியப்பன் திரும்பி வந்தார். என்ன பூ என்று நான் கேட்பதற்குள் அவரே சொன்னார்.

“கேக்கலீங்க. வாசல் வரைக்கும் போனனுங்க. செவப்பு வந்துட்டா இவள எப்படிக் காப்பாத்தறதுன்னு பயமாப் போச்சுங்க. மருந்த ஏத்திப்போடுங்க.”

டெஸ்ட் முடிவுகள் வந்ததும் கோகிலா மருந்தை எழுதினாள். சில நாட்களில் கொப்புளங்கள் காய்ந்து உதிர்ந்தன. நோயைக் கண்டுபிடித்தது சுமதிதான் என்று போகிற கூட்டத்திலெல்லாம் சொன்னாள். அந்தப் பெருந்தன்மையும் எனக்குப் பிடிக்கவில்லை.

துக்க வீட்டுக்குத் தனலட்சுமியும் அவள் கணவரும் வந்திருந்தார்கள். முகக்கவசம் இல்லாத என்னை அவர்களுக்கு அடையாளம் தெரியவில்லை.

“நீங்களும் அம்மாகிட்ட வைத்தியம் பாத்தவங்களுங்களா?” என்று சென்னியப்பன் கேட்டார்.

ஆமாங்க என்றேன்.

இப்போதெல்லாம் வருகிறவர்களிடம், எதை நிறுத்தினீர்கள் என்று நானும் கேட்கிறேன். அவளிடமிருந்து எனக்கென்று எடுத்துக்கொண்டது அந்த ஒரு கேள்விதான். அதற்காக யாராவது என்னைப் பாராட்டினால் அவள் பெயரைச் சொல்வேனா என்று இன்னும் முடிவு செய்யவில்லை.